தை மாதம் கல்யாணம், முன்தோல் பின்னால் வரவே இல்லை. கத்தி வைத்துத்தான் ஆகணுமா?

திருப்பூர்_27
வணக்கம். யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். வயது 27. பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. எனக்கு ஆண்குறியின் முன்தோல் பின்னால் வராது. சாதாரணமாக இருக்கும்போது மொட்டின் நுனி ஒரு பட்டாணி அளவுக்குத் தெரியும். அதற்கு மேல் ரப்பர் வளையம் போட்ட மாதிரி பிடித்துக்கொள்ளும். விறைப்பில் அதுவும் தெரியாது. தினமும் வலி என்று ஒன்றும் இல்லை. சின்ன வயதில் இருந்தே இப்படித்தான், எல்லாருக்கும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன்.

ஆனி கடைசியில் நிச்சயம் முடிந்தது. கல்யாணம் தையில். அந்தப் பயத்தில் இரண்டு வாரத்துக்கு முன்பு குளியலறையில் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தேன். மூன்று இடத்தில் கிழிந்து ரத்தம். மூன்று நாள் சிறுநீர் போகும்போதெல்லாம் மிளகாய்த்தூள் பட்ட மாதிரி எரிச்சல். மெடிக்கல் ஷாப்பில் "அந்த இடத்தில் புண்" என்று மட்டும் சொன்னேன், ஒரு ட்யூப் கொடுத்தார்கள். இன்னும் தடவிக்கொண்டிருக்கிறேன்.

லாட்ஜில் வந்து தங்கிப் பார்க்கிற ஒரு வைத்தியருக்கும் போன் பண்ணினேன். பார்க்காமலேயே "நரம்புத் தளர்ச்சி, 3 மாத கோர்ஸ்" என்றார். பயந்து வைத்துவிட்டேன். ஆபரேஷன்தான் வழியா? எந்த டாக்டரிடம் போவது? தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

நெல்லை_மாமா
தம்பி, நரம்புத் தளர்ச்சிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. போனை வைத்தது நல்ல காரியம். அந்த ட்யூபில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள்.

திருப்பூர்_27
க்ளோபெட்டசால், ஒரு பூஞ்சை மருந்து, ஒரு ஆன்டிபயாடிக், மூன்றும் கலந்தது அண்ணா.

வார்டு_அக்கா
தம்பி, இன்றோடு அதை நிறுத்திவிடுங்கள். நான் ஆண்கள் அறுவை வார்டில் 19 வருடம் நர்ஸாக இருந்தவள், அதனால் என்னிடம் கூச்சம் வேண்டாம். அந்த மூன்று கலந்த ட்யூப் எல்லாக் கடையிலும் சீட்டு இல்லாமல் கிடைக்கிறது. படர்தாமரையில் இருந்து எல்லாவற்றுக்கும் அதையே தூக்கிக் கொடுக்கிறார்கள். க்ளோபெட்டசால் ஸ்டீராய்டுகளிலேயே வீரியமானது. டாக்டர் பார்த்துச் சொல்லாமல் மெல்லிய தோலில் நாள்கணக்காகத் தடவினால் தோல் காகிதமாக ஆகிவிடும். உள்ளே பூஞ்சை இருந்தால் அதை வளர்த்தும் விடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதன் பெயர் பைமோசிஸ், தமிழில் முன்தோல் குறுக்கம். இதில் இரண்டு வகை உண்டு. டாக்டர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

தோலை மெதுவாகப் பின்னால் தள்ளும்போது உள்பக்கத்து இளஞ்சிவப்புத் தோல் பூ விரிவது போல வெளியே பிதுங்கினால் தோல் ஆரோக்கியமாக இருக்கிறது, வாய்தான் குறுகல். அப்படி விரியாமல் நுனியே வெளுத்து, தடித்து, கூம்பு மாதிரி நின்றால் அது தழும்பு. பிறந்ததில் இருந்து இருக்கிற இறுக்கம் பெரும்பாலும் முதல் வகை. அதற்குக் களிம்பு கேட்கும். தழும்புக்குக் களிம்பு அவ்வளவாகக் கேட்காது.

நீங்கள் செய்த தப்பு இழுத்ததுதான். அதற்காகத் திட்டவில்லை, பயத்தில் நிறையப் பேர் செய்வதுதான். ஆனால் தெரிந்துகொள்ளுங்கள்: ஒவ்வொரு கிழிசலும் ஆறும்போது கொஞ்சம் சுருங்கி ஆறும். பலமாக இழுக்க இழுக்க முதல் வகை இரண்டாவது வகையாக மாறும். புண் முழுசாக ஆறும் வரை கையே வைக்காதீர்கள். வெறும் தண்ணீர் போதும். சோப்பு, டெட்டால் எதுவும் உள்ளே போகக் கூடாது.

போக வேண்டியது யூராலஜி, அதாவது சிறுநீர்ப் பாதை டாக்டரிடம். அவர் இல்லாத ஊர் என்றால் பொது அறுவை மருத்துவர், இல்லை தோல் மருத்துவர். நம் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஓ.பி.யிலேயே பார்ப்பார்கள். அங்கே இது தினம் வருகிற கேஸ் தம்பி. உங்களுக்குத்தான் உலகத்திலேயே முதல் ஆள் மாதிரி இருக்கும்.

கோவை_பழைய_பேஷன்ட்
நான் 24 வயதில் இதே நிலைமையில் இருந்தவன். இப்போது 31. எனக்குக் கத்தி படவில்லை. என்ன நடந்தது என்று முழுசாகச் சொல்கிறேன்.

டாக்டர் பார்த்தது இரண்டு நிமிடம்கூட இருக்காது. பீட்டாமெத்தசோன் 0.05 சதவீதக் களிம்பு, காலை, இரவு இரண்டு வேளை, 6 வாரம். எங்கே தடவுவது என்பதை ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். மொட்டில் இல்லை, இறுக்கமான அந்த வளையத்தில். தோலை வலி வராத அளவுக்குப் பின்னால் தள்ளிப் பிடித்து, வளையம் லேசாக விறைத்து நிற்கும் இடத்தில், விரல் நுனியில் துளி எடுத்து மெல்லிசாகத் தேய்க்க வேண்டும். தடவிய பிறகு தோலை முன்னால் கொண்டுவந்து விட வேண்டும். அப்புறம் கை கழுவ வேண்டும்.

முதல் 10 நாள் ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஏமாற்றுகிறார் என்றே நினைத்தேன். இரண்டாவது வாரத்தில் இருந்து, வெந்நீரில் குளித்த பிறகு, தோலை வலி வருவதற்கு முந்தின இடம் வரை தள்ளி, 30 எண்ணும் வரை பிடித்து, விட்டுவிடச் சொன்னார். அதைப் பத்து முறை. "வலித்தால் நீ தாண்டிவிட்டாய் என்று அர்த்தம், ஒரு படி பின்னால் வா" என்பார். நான்காவது வாரம் ஒரு நாள் காலையில் பாதி மொட்டு வெளியே வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. ஆறாவது வாரம் முழுசாக வந்தது. உள்ளே வெண்ணெய் மாதிரி படிந்திருந்தது. அது சீழ் இல்லை, உதிர்ந்த தோல் செல்களும் எண்ணெய்ப் பசையும்தான் என்றார். நாலு நாளில் தண்ணீரிலேயே போய்விட்டது.

ஸ்டீராய்டு தோலை மெலிதாக்கும் என்று அக்கா சொன்னார்கள் அல்லவா, அதே குணம்தான் இங்கே அளவோடு பயன்படுகிறது. வீக்கத்தைக் குறைத்து, வளையத்துக்கு நெகிழ்வு கொடுக்கிறது. ஆனால் சரியான மருந்து, சரியான இடம், சரியான நாள். அதனால்தான் டாக்டர்.

சின்னவன்_அம்மா
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் பையனுக்கு 3 வயது. தோல் பின்னால் போகவில்லை. சிறுநீர் போகும்போது நுனி பலூன் மாதிரி உப்பி அப்புறம் வருகிறது. குழந்தையைக் குளிப்பாட்ட வருகிற பாட்டி தினமும் எண்ணெய் வைத்து இழுத்துவிடணும் என்கிறார். அவன் அழுகிறான். மாமியாரும் அதையே சொல்கிறார்கள். ஆபரேஷன் செய்துவிடலாமா?

குழந்தை_டாக்டர்_மதுரை
அம்மா, இன்று முதல் யாரும் இழுக்கக் கூடாது. பாட்டியிடம் டாக்டர் சொன்னார் என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

பிறக்கும்போது முன்தோலின் உள்பக்கமும் மொட்டும் ஒட்டியேதான் இருக்கும். நகமும் சதையும் ஒட்டியிருக்கிற மாதிரி. அது நோய் இல்லை, வளர்ச்சியின் ஒரு கட்டம். பிறகு தானாகப் பிரியும். 1949-இல் டக்ளஸ் கெய்ர்ட்னர் என்ற பிரிட்டன் மருத்துவர் இதை எண்ணிப் பார்த்து எழுதினார். அவர் பார்த்த பச்சிளம் குழந்தைகளில் 4 சதவீதத்துக்கு மட்டுமே தோல் முழுசாகப் பின்னால் போனது. 1968-இல் டென்மார்க்கில் யாகோப் ஓஸ்டர் பள்ளிப் பையன்களை வருடக்கணக்கில் பார்த்து வந்தார். 6, 7 வயதில் 8 சதவீதத்துக்கு இறுக்கம் இருந்தது, 16, 17 வயதில் 1 சதவீதம்தான். ஏறக்குறைய எல்லாருக்கும் அதுவாகவே பிரிந்தது. உங்கள் பையனுக்கு 3 வயதுதான். இன்னும் எத்தனையோ வருடம் இருக்கிறது.

உப்புவதும் பெரும்பாலும் அந்தப் பிரிதலின் அடையாளம்தான். சிறுநீர் நன்றாக வந்து முடிகிறது, அழவில்லை, காய்ச்சல் இல்லை என்றால் பயம் வேண்டாம். முக்கி முக்கிப் போகிறான், சொட்டுச் சொட்டாக வருகிறது, அடிக்கடி நுனி சிவந்து வீங்குகிறது, காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வருகிறது, நுனித்தோல் வெளுத்துத் தடிக்கிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அழைத்து வாருங்கள். அப்போதும் முதலில் களிம்புதான். குளிக்கும்போது வெளியே தண்ணீர் ஊற்றினால் போதும், உள்ளே சுத்தம் செய்யத் தேவையே இல்லை.

இழுத்துக் கிழிந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். நல்லபடியாக இருந்த தோல் தழும்பாகி, கடைசியில் ஆபரேஷனில் முடியும். மனசு கேட்காது.

சின்னவன்_அம்மா
நன்றி டாக்டர். இதை அப்படியே மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். பாட்டிக்கு அவர்களே சொல்லிவிட்டார்கள்.

திண்டுக்கல்_52
என் கேள்வி வேறு. எனக்கு வயது 52. வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லாத ஆள். கடந்த 6 மாதமாகத் தோல் இறுகிக்கொண்டே வருகிறது. நுனியில் சின்னச் சின்ன வெடிப்பு, அரிப்பு, உள்ளே தயிர் மாதிரி வெள்ளை. இப்போது பின்னாலேயே போக மறுக்கிறது. வயதானால் இப்படி ஆகுமா?

வார்டு_அக்கா
ஐயா, கடைசியாகச் சர்க்கரை எப்போது பார்த்தீர்கள்?

திண்டுக்கல்_52
பார்த்ததே இல்லை அம்மா. இரவில் நாலு தடவை சிறுநீருக்கு எழுந்திருக்கிறேன், அது புராஸ்டேட் என்று விட்டுவிட்டேன்.

வார்டு_அக்கா
நாளைக் காலையில் வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை, கூடவே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிற ஹெச்பிஏ1சி. தள்ளிப்போடாதீர்கள் ஐயா. நன்றாக இருந்த தோல் நடுத்தர வயதில் திடீரென்று இறுகி வெடித்தால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது சர்க்கரையை. சிறுநீரில் சர்க்கரை போகும், அந்த ஈரத்தில் பூஞ்சை வளரும், தோல் வெடிக்கும், ஆறும், மறுபடி வெடிக்கும், கடைசியில் சுருங்கிவிடும். இந்தத் தோல் வழியாகத்தான் தனக்குச் சர்க்கரை இருப்பதையே கண்டுபிடித்தவர்களை என் வார்டில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் ஒன்று: டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றித்தான் வேலை செய்கின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்து. ஆனால் அந்த இடத்தில் பூஞ்சை வரலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் அரிப்பைச் சொல்லுங்கள்.

திருப்பூர்_27
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். போய்விட்டு வந்தேன்!

ஓ.பி.யில் சீட்டுப் போடுகிற இடத்தில் "என்ன தொந்தரவு" என்று கேட்டபோது பின்னால் ஐம்பது பேர். "யூராலஜி" என்று மட்டும் சொன்னேன், போட்டுக் கொடுத்தார்கள். டாக்டர் அறையில் இன்னும் இரண்டு பயிற்சி டாக்டர்கள். தொண்டை அடைத்துவிட்டது. முந்தின இரவே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன்: "முன்தோல் பின்னால் வருவதில்லை, பிறந்ததில் இருந்து, 5 வாரம் முன்பு இழுத்துக் கிழிந்தது, தையில் கல்யாணம்." அதை நீட்டினேன். படித்துவிட்டுத் தலையை ஆட்டி, "இவ்வளவு தெளிவாக யாரும் சொல்றதில்லைப்பா" என்றார். திரைக்குப் பின்னால் பார்த்தார். அந்தக் கிழிசல் ஆறிவிட்டது, லேசாகத் தழும்பு ஒரு பக்கம், மற்ற இடம் மெத்தென்று இருக்கிறது, களிம்பு பார்க்கலாம் என்றார். அடிப்பக்கம் நூல் மாதிரி ஒரு தோல் இருக்குமாம், சிலருக்கு அது குட்டையாக இருந்து முதல் உறவில் கிழிந்து ரத்தம் வருமாம். எனக்கு அது இயல்பாக இருக்கிறது என்றார். சர்க்கரையும் பார்த்தார்கள், இல்லை.

பீட்டாமெத்தசோன், இரண்டு வேளை, 8 வாரம். நான்காவது வாரம் வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்.

நெல்லை_மாமா
அந்தத் தாள் யோசனை அருமை தம்பி. வாய் வராத எல்லாரும் அப்படிச் செய்யலாம்.

ஆபரேஷன்_ஆன_அண்ணன்
களிம்பு கேட்காதவர்களும் இருக்கிறோம், அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு 38 வயதில் நுனி வெள்ளையாகி, பளபளவென்று, மரத்த மாதிரி ஆனது. லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்றார்கள், ஒருவகைத் தோல் நோய். பாலியல் தொற்று இல்லை, ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. என் மனைவிக்கு அதை டாக்டரே சொல்லிப் புரியவைத்தார், இல்லையென்றால் வீட்டில் வேறு மாதிரி ஆகியிருக்கும். வீரிய ஸ்டீராய்டு 3 மாதம் போட்டும் தழும்பு நெகிழவில்லை. முன்தோலை முழுசாக எடுத்தார்கள்.

பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. மரப்பு ஊசி மட்டும்தான். ஊசி போடும் அந்த அரை நிமிடம் வலிக்கும், பிறகு தொடுவது தெரியும், வலி தெரியாது. அன்று சாயங்காலமே வீடு. முதல் ஒரு வாரம் மொட்டில் வேட்டி உரசினாலே கூசும். நான் தளர்ந்த பழைய லுங்கியோடு திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். இரவில் விறைப்பு வந்தால் தையல் இழுக்கும், எழுந்து சிறுநீர் போய்விட்டு நாலு நடை நடந்தால் அடங்கும். தையல் மூன்று வாரத்தில் தானாகக் கரைந்தது. 6 வாரம் உறவு வேண்டாம் என்றார்கள். எடுத்த தோலைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இந்த நோயில் ரொம்ப அரிதாகப் பின்னாளில் புற்றுநோய் வரலாம், அதனால் வருடம் ஒருமுறை காட்டச் சொன்னார்கள், காட்டுகிறேன்.

எல்லாருக்கும் முழுசாக எடுக்கத் தேவையில்லை. தழும்பு பெரிதாக இல்லையென்றால் வளையத்தை மட்டும் நீளவாக்கில் கீறி, குறுக்குவாக்கில் தைத்து வாயை அகலமாக்குகிற சின்ன ஆபரேஷனும் உண்டு. தோல் அப்படியே இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

பெயர்_வேண்டாம்
அண்ணா, தப்பாக நினைக்காதீர்கள். முன்தோலை எடுத்தால் மதம் மாறிவிட்டதாக ஊரில் பேசுவார்களோ என்று என் அப்பா பயந்து வேண்டாம் என்கிறார். எனக்குத் தழும்பு வகைதான்.

மேலப்பாளையம்_பாய்
தம்பி, நாங்கள் சுன்னத்து செய்வது மார்க்கக் கடமைக்காக. உங்களுக்கு டாக்டர் செய்வது வைத்தியத்துக்காக. அப்பென்டிக்ஸ் எடுத்தால் யாராவது மதம் கேட்கிறார்களா? எனக்குச் சின்ன வயதில் வீட்டில் பந்தல் போட்டு, மாலை போட்டுச் செய்தார்கள். என் தெருவில் ஒரு ஐயர் பையனுக்குப் போன வருடம் ஆஸ்பத்திரியில் செய்தார்கள், நான்தான் பைக்கில் கூட்டிப்போய் வந்தேன். அப்பாவை என்னிடம் பேசச் சொல்லுங்கள், நான் பேசுகிறேன்.

ஏட்டுச்சுவடி
அப்பாவிடம் இதையும் சொல்லலாம். இது நம் பழைய வைத்தியத்துக்கே தெரிந்த நோய். சுசுருத சம்ஹிதையில் முன்தோல் குறுகி மொட்டை மூடிக்கொள்வதற்கு நிருத்தப்பிரகாசம் என்றும், பின்னால் போய்ச் சிக்கிக்கொள்வதற்குப் பரிவர்த்திகை என்றும் தனித்தனியாகப் பெயர் இருக்கிறது. இரண்டு பக்கமும் திறந்த குழாயில் நெய் தடவி உள்ளே வைத்து, மூன்று நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் பருத்த குழாயாக மாற்றச் சொல்கிறது. இன்றைக்கு யாரும் வீட்டில் குழாய் வைத்துப் பார்க்க வேண்டாம். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக, அவசரப்படாமல் நெகிழ்த்த வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

ஓசூர்_நைட்ஷிஃப்ட்
பின்னால் போய்ச் சிக்கிக்கொள்வது என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு அதுதான் நடந்தது. சனிக்கிழமை இரவு கஷ்டப்பட்டுப் பின்னால் கொண்டுபோனேன், திரும்பி முன்னால் வரவில்லை. காலையில் சரியாகும் என்று படுத்தேன். காலையில் மொட்டு எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கி, கீழே தோல் நீர் கோத்துத் தொங்கியது. வெட்கத்தில் ஞாயிறு மதியம் வரை அறையிலேயே இருந்தேன். நிறம் மாற ஆரம்பித்த பிறகுதான் நண்பன் தூக்கிக்கொண்டு போனான். வளையத்தைக் கீறித்தான் விடுவிக்க முடிந்தது.

வார்டு_அக்கா
நல்லவேளை போனீர்கள் தம்பி. எல்லாரும் இதை மனதில் வையுங்கள். இது பாராபைமோசிஸ், அவசரம். இறுகிய வளையம் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும், நேரம் போகப் போக மொட்டு அழுகிப்போகும் அபாயம் உண்டு. சிக்கியது தெரிந்த உடனே, மொட்டையும் வீங்கிய தோலையும் உள்ளங்கையால் மூடி, ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். வீக்கம் வடியும். பிறகு இரண்டு கட்டைவிரலாலும் மொட்டை உள்ளே தள்ளிக்கொண்டே, மற்ற விரல்களால் தோலை முன்னால் இழுங்கள். வரவில்லை என்றால் இரவு 2 மணியானாலும் கேஷுவாலிட்டி. விடியட்டும் என்று இருக்கவே கூடாது.

வீட்டில் சிறுநீர்க் குழாய் போட்ட பெரியவர்கள் இருந்தால், துடைத்துச் சுத்தம் செய்த பிறகு தோலை முன்னால் கொண்டுவந்துவிட்டீர்களா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். அதை மறந்து வீங்கிப்போய் வந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் பதறுகிறது. சொல்லத் தெரியாத நிலையில் படுத்திருப்பவர்கள் அவர்கள்.

திண்டுக்கல்_52
ரிப்போர்ட் வந்தது. ஹெச்பிஏ1சி 10.2. சர்க்கரை இருக்கிறது, ரொம்ப நாளாகவே இருந்திருக்கும் என்றார்கள். மாத்திரை ஆரம்பித்துவிட்டேன். பூஞ்சைக்குக் களிம்பு தனியாக, இரண்டு வாரம். வெடிப்பு ஆறிவிட்டது. இறுக்கம் பாதி குறைந்திருக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு மீதியைப் பார்க்கலாம், இப்போதே கத்தி வைத்தால் புண் ஆற நாளாகும் என்றார் டாக்டர். அம்மா, நீங்கள் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு என் பிள்ளைகள் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள்.

திருப்பூர்_27
எட்டு வாரம் முடிந்தது. ஐந்தாவது வாரம் வரை பாதிதான் வந்தது, நடுவில் ஒரு நாள் அவசரப்பட்டு லேசாக எரிந்தது, மூன்று நாள் இழுப்பதை நிறுத்தி, களிம்பை மட்டும் தொடர்ந்தேன். போன வியாழக்கிழமை, விறைப்பில்லாதபோது, முழுசாகப் பின்னால் வந்தது. முன்னாலும் சுலபமாகத் திரும்பியது. தழும்பு இருந்த பக்கம் மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது. டாக்டர் களிம்பை நிறுத்தச் சொல்லிவிட்டார். தினமும் குளிக்கும்போது பின்னால் தள்ளி, தண்ணீரில் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்து, மறக்காமல் முன்னால் கொண்டுவரச் சொன்னார். இதை விட்டுவிட்டால் மறுபடி இறுகலாமாம். கல்யாணத்துக்குப் பிறகு முதல் சில நாள் நிதானமாக இருங்கள், தேவைப்பட்டால் வழவழப்பு ஜெல் பயன்படுத்துங்கள் என்றும் சொன்னார்.

அவளிடமும் சொல்லிவிட்டேன். போனில் ஐந்து நிமிடம் திக்கித் திணறி. "இதுக்கா மூணு மாசமா சரியாவே பேசலை?" என்று கேட்டாள்.

பெயர்_வேண்டாம்
அப்பா பாயிடம் பேசினார். வருகிற புதன்கிழமை ஓ.பி.க்கு என்னோடு வருகிறேன் என்கிறார். தாள் எழுதிவிட்டேன்.

வார்டு_அக்கா
முடிந்ததும் எழுதுங்கள் தம்பி. தளர்ந்த லுங்கி ஒன்று எடுத்து வையுங்கள்.